எரிந்துபோன மோட்டார் டிரைவர் போர்டுக்கு யார் பணம் தருவது?

முதலில் வாசம்தான் வந்தது. பிளாஸ்டிக் கருகினால் வருமே, அதைவிடக் கொஞ்சம் காரமான வாசம். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி பேட்டரி ஒயர்களை மாற்றிச் செருகிவிட்டாள். சிவப்பு போகவேண்டிய இடத்தில் கறுப்பு. எல்298என் என்று ஒரு சின்ன மோட்டார் டிரைவர் போர்டு உண்டு. ரோபோவின் சக்கரம் எந்தப் பக்கம் சுற்றவேண்டும், எவ்வளவு வேகத்தில் சுற்றவேண்டும் என்பதையெல்லாம் அதுதான் பார்த்துக்கொள்ளும். அதிலிருந்து மெல்லிசாகப் புகை எழுந்து அடங்கியது. அந்தப் பெண் அழவில்லை. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, "மிஸ், ஸ்டாக் ரெஜிஸ்டர்ல என் பேரை எழுதுவாங்களா?" என்று கேட்டாள்.

அந்த போர்டின் விலை 150 ரூபாய். அது எரிந்த அறையில் லட்சக்கணக்கில் சாமான் இருந்தது. 3டி பிரிண்டர், சோல்டரிங் ஸ்டேஷன், மல்டிமீட்டர்கள், பெட்டி பெட்டியாக சென்சார்கள். எல்லாம் அரசாங்கப் பணம். மாற்றிப் போட இன்னொரு மோட்டார் டிரைவர் மட்டும் இல்லை. அடுத்த சனிக்கிழமை நானே ஒன்று வாங்கிக்கொண்டு போனேன்.

கோவையில் ஒரு சிறிய தொழிற்சாலையில் கன்ட்ரோல் பேனல் செய்வது என் வேலை. 2017இலிருந்து சனிக்கிழமைகளில் ஊருக்கு வெளியே இருக்கும் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளிக்குப் போய்வருகிறேன். அங்கே ஒரு ரோபாட்டிக்ஸ் குழு. சில வருடம் எட்டுப் பேர், சில வருடம் முப்பது பேர். இதே மாதிரி வேறு பள்ளிகளுக்குப் போகும் நண்பர்கள் சிலர் இருக்கிறோம். நாங்கள் கூடினாலே ஒரு விவாதம் வந்துவிடும்: மாணவர்களின் ரோபாட்டிக்ஸ் முயற்சிக்கு அரசாங்கத்திடம் பணம் கேட்கலாமா, கூடாதா? "கவர்ன்மென்ட் காசு வந்தா ஃபைல்தான் ஓடும், ரோபோ ஓடாது" என்று ஒரு நண்பர் எப்போதும் சொல்வார். இருபது வருடம் அரசுப் பள்ளிகளோடு பழகிய அனுபவத்தில் சொல்கிறார், சும்மா சொல்லவில்லை. இருந்தாலும் நான் கேட்க வேண்டும் என்கிற பக்கம்தான். எதைக் கேட்க வேண்டும் என்பதில்தான் என் எண்ணம் இந்த வருடங்களில் நிறைய மாறியிருக்கிறது.

அரசாங்கப் பணம் வருவதற்கு முன் எப்படி ஓட்டினோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். முதல் வருடம் பள்ளியின் முன்னாள் மாணவர்கள் சிலர் ஆளுக்கு ஆயிரம், இரண்டாயிரம் கொடுத்தார்கள். அதே வருடம் ஒரு நிறுவனமும் வந்தது. 2013ஆம் வருடத்துக் கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவின்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ சொத்தோ விற்பனையோ உள்ள நிறுவனங்கள் முந்தைய மூன்று வருட சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவழிக்க வேண்டும். கல்வி அந்தப் பட்டியலில் உண்டு. அவர்கள் நல்ல மனதோடுதான் வந்தார்கள். பிள்ளைகளுக்குப் பனியன் கொடுத்தார்கள், போட்டிக்கு வண்டி ஏற்பாடு செய்தார்கள். இரண்டாவது வருடம் வந்தபோது, போட்டியில் ஜெயித்த நாலு பேரை மட்டும் புகைப்படத்துக்கு நிற்கச் சொன்னார்கள். மீதி இருபது பிள்ளைகள் சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது வருடம் அந்தப் பொறுப்பில் இருந்தவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். புதிதாக வந்தவருக்கு மரம் நடுவதில் ஆர்வம். அத்தோடு எங்கள் பணம் நின்றது. யாரிடமும் போய், "எங்களுக்கு வரவேண்டியது ஏன் வரவில்லை?" என்று கேட்க முடியவில்லை. கொடுத்தது அவர்கள் விருப்பம், நிறுத்தியதும் அவர்கள் விருப்பம்.

அரசாங்கப் பணத்துக்கும் இதற்கும் நான் பார்க்கும் பெரிய வித்தியாசம் இதுதான். அரசாங்கம் தரவில்லை என்றால் ஏன் என்று கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடலாம், எம்.எல்.ஏ.விடம் போய் நிற்கலாம், பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போடலாம். கேட்டால் கிடைத்துவிடும் என்று சொல்ல வரவில்லை. கேட்பதற்கு ஒரு வாசல் இருக்கிறது, அதுவே பெரிய விஷயம்.

சரி, எங்கள் பள்ளிக்கு 2019இல் அடல் டிங்கரிங் லேப் கிடைத்தது. மத்திய அரசின் நிதி ஆயோக்கின் கீழ் இருக்கும் அடல் இன்னோவேஷன் மிஷன் 2016இல் தொடங்கிய திட்டம் அது. 6 முதல் 12ஆம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு. ஒரு பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை தருகிறார்கள். 10 லட்சம் கருவிகளுக்கு, மீதி 10 லட்சம் ஐந்து வருடம் வரை நடத்துவதற்கு. நாடு முழுவதும் 10,000 பள்ளிகளில் இந்த லேப் வந்துவிட்டது. 2025ஆம் வருட மத்திய பட்ஜெட்டில், இன்னும் ஐந்து வருடங்களில் அரசுப் பள்ளிகளில் 50,000 லேப் அமைப்போம் என்று அறிவித்தார்கள்.

காகிதத்தில் பார்த்தால் நன்றாக யோசித்து எழுதிய திட்டம். நடத்துச் செலவுக்கென்று தனியாகப் பணம் ஒதுக்கியிருப்பதே பெரிய விஷயம். பொதுவாக நம் ஊரில் கட்டடம் கட்டக் காசு வரும், அதற்குப் பெயின்ட் அடிக்க வராது. அப்படியானால் 150 ரூபாய் போர்டு ஏன் இல்லை? நடந்தது இதுதான். லேப் திறந்த சில மாதத்தில், 2020 மார்ச்சில், கொரோனா வந்து பள்ளிகள் மூடின. திரும்பத் திறந்தபோது பேட்டரிகள் உப்பிப்போயிருந்தன. பிரிண்டரின் பிளாஸ்டிக் சுருள் ஈரம் குடித்து, தொட்டால் ஒடிந்தது. இதற்கிடையில் லேபுக்குப் பொறுப்பாக இருந்த ஆசிரியர் மாறுதல் கலந்தாய்வில் சொந்த மாவட்டத்துக்குப் போய்விட்டார். அவர் கைப்பட வைத்திருந்த கணக்கை வைத்து, வந்த பணம் எதற்குச் செலவானது என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழைத் தயாரிக்கப் புதிதாக வந்தவருக்குத் தெரியவில்லை. முதல் தவணைக்குச் சான்றிதழ் போகவில்லை என்றால் அடுத்த தவணை வராது. வருடம் ஓடியது. இயற்பியல் ஆசிரியை ஒருவர் பொறுப்பெடுத்து, பழைய பில்களைத் தேடிச் சேர்த்து, மூன்று தடவை திருப்பி அனுப்பப்பட்ட கணக்கை நாலாவது தடவை சரிசெய்து அனுப்பினார். அவருக்கு வாரத்துக்கு முழுப் பாடவேளைகள் இருந்தன. இந்த வேலைக்காக ஒரு பாடவேளைகூடக் குறைக்கப்படவில்லை. இரவு ஒன்பது மணிக்கு வீட்டில் உட்கார்ந்து செய்தார்.

என் நண்பர் சொன்ன 'ஃபைல்தான் ஓடும்' என்பது இதைத்தான். அவர் பார்த்தது சரி. ஆனால் இதற்கான தீர்வு பணமே கேட்காமல் இருப்பது என்று அவர் முடிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த ஆசிரியையின் இரவு வேலைக்கு யாரும் விலை போடவில்லை. திட்டத்தில் இருந்த ஓட்டை அங்கேதான்.

அந்தப் பெண் கேட்ட கேள்விக்குத் திரும்ப வருகிறேன். ஸ்டாக் ரெஜிஸ்டரில் பேர் எழுதுவார்களா? அரசுப் பள்ளியில் வாங்கிய பொருள் எதுவானாலும் இருப்புப் பதிவேட்டில் ஏறிவிடும். ஆடிட் வரும்போது எண்ணிப் பார்ப்பார்கள். இல்லாத பொருளுக்குத் தலைமை ஆசிரியர் பதில் சொல்ல வேண்டும். பெஞ்சுக்கும் பீரோவுக்கும் இந்த முறை சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் ரோபாட்டிக்ஸ் கற்பது என்றாலே பொருள் உடையும். ஒயரை மாற்றிச் செருகித்தான் ஒயரை மாற்றிச் செருகக் கூடாது என்று தெரிகிறது. சென்சார் கால் ஒடியும், மோட்டாருக்குள் இருக்கும் பிளாஸ்டிக் பல்சக்கரம் தேயும், சொன்ன கோணத்துக்குத் திரும்பும் சர்வோ மோட்டார் கருகும். எங்கள் தலைமை ஆசிரியர் நல்லவர். அவரே ஒருநாள் என்னிடம், "மேடம், பிள்ளைங்க தொட்டா உடையுது, உடைஞ்சா நான் மாட்டுறேன், அதனால பூட்டி வெச்சேன்" என்று மனம் விட்டுச் சொன்னார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கும் ஒரு மனிதர் வேறு என்ன செய்வார்?

அப்புறம் அந்த ஆசிரியையும் நானும் உட்கார்ந்து ஒரு வேலை செய்தோம். நடத்துச் செலவில் வாங்கும் 500 ரூபாய்க்குக் குறைந்த பொருட்களையெல்லாம் 'நுகர்பொருள்' என்று தனிப் பதிவேட்டில் ஏற்றினோம். வேதியியல் ஆய்வகத்தில் அமிலத்தையும் வடிதாளையும் எப்படி எழுதுவார்களோ அப்படி. அமிலம் தீர்ந்துபோனால் யாரும் மாணவன் பேரை எழுதுவதில்லையே. எரிந்த போர்டுகளைப் போட ஒரு பிஸ்கட் டின் வைத்தோம். ஒவ்வொன்றிலும் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டி, எப்படி எரிந்தது என்று எரித்தவரே எழுத வேண்டும். அந்த டின்தான் எங்கள் லேபில் இருக்கும் நல்ல பாடப்புத்தகம். முதல் சீட்டு அந்தப் பெண் எழுதியது: 'பேட்டரி பிளஸ் மைனஸ் மாறிவிட்டது. ரெகுலேட்டர் எரிந்தது. ஒயர் கலரைப் பார்க்கவும்.'

இது எங்கள் ஊர்க் கதை மட்டும்தானா என்று மற்ற இடங்களைப் பற்றித் தேடிப் படித்திருக்கிறேன். அமெரிக்காவில் டீன் கேமன் என்ற கண்டுபிடிப்பாளர் 1989இல் தொடங்கிய ஃபர்ஸ்ட் அமைப்பின் ரோபாட்டிக்ஸ் போட்டிகள் ஆரம்பத்திலிருந்தே நிறுவனங்களின் ஆதரவில் நடந்தவை. 1992இல் நியூ ஹாம்ப்ஷயரில் ஒரு பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் 28 அணிகளோடு முதல் போட்டி. இன்று அந்த நாட்டில் அதிக அணிகள் இருக்கும் மாநிலம் மிச்சிகன். கார் தொழிற்சாலைகள் இருப்பதால்தான் என்று சொல்லிவிடலாம், அதுவும் ஒரு காரணம்தான். ஆனால் இரண்டு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். 2009இல் மிச்சிகனில் போட்டி முறையையே மாற்றினார்கள். பெரிய அரங்கத்தில் ஒரு போட்டி என்பதற்குப் பதிலாக, அதே நுழைவுக் கட்டணத்தில் பக்கத்துப் பள்ளிக் கூடங்களில் இரண்டு போட்டிகள். செலவு குறைந்தது, விளையாடும் வாய்ப்பு இரட்டித்தது. அதற்குப் பிறகு மாநில சட்டமன்றம் பள்ளி நிதிச் சட்டத்திலேயே ரோபாட்டிக்ஸ் அணிகளுக்கென்று தனிப் பிரிவு போட்டுப் பணம் ஒதுக்கியது. அதில் பயிற்சி தரும் ஆசிரியருக்குச் சிறு ஊதியமும் உண்டு. ஊரும் தன் பங்குக்குப் பணமாகவோ பொருளாகவோ போட வேண்டும். முதலில் செலவைக் குறைத்துவிட்டு அப்புறம் அரசிடம் கேட்டார்கள், கேட்டபோது ஆசிரியரின் நேரத்தையும் சேர்த்துக் கேட்டார்கள். எனக்கு இந்த வரிசை ரொம்பப் பிடித்திருக்கிறது.

அவ்வளவு தூரம் போக வேண்டாம், பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் போதும். கேரளத்தில் கைட் என்ற அரசு நிறுவனம் பள்ளிகளின் கணினிக் கல்வியைப் பார்த்துக்கொள்கிறது. 2022 டிசம்பரில் 2,000 உயர்நிலைப் பள்ளிகளுக்கு 9,000 ரோபாட்டிக் கிட்கள் கொடுக்கத் தொடங்கினார்கள். ஒவ்வொன்றும் ஒரு சின்ன பெட்டி. அர்டுயினோ என்ற குட்டிக் கணினி போர்டு, சில எல்.இ.டி.கள், ஒரு சர்வோ, சில சென்சார்கள், சோல்டர் வைக்காமலே ஒயர் செருகிப் பார்க்கும் பிரெட்போர்டு, ஒயர்கள். 2025இல் பத்தாம் வகுப்புப் பாடப்புத்தகத்திலேயே ரோபாட்டிக்ஸைச் சேர்த்து, எல்லாப் பிள்ளைகளும் செய்து பார்க்க வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். பெரிய லேப், பெரிய திறப்பு விழா என்று போகாமல் சின்ன பெட்டியை எல்லோர் கையிலும் கொடுக்கும் வழி இது. தனியார் பள்ளியில் தனிக் கட்டணம் கட்டி ரோபாட்டிக்ஸ் படிக்கும் பிள்ளைக்கும் அரசுப் பள்ளிப் பிள்ளைக்கும் இருக்கும் தூரத்தை இப்படிக் குறைக்க அரசாங்கத்தால் மட்டுமே முடியும். ஆயிரம் தன்னார்வலர்கள் சேர்ந்தாலும் லட்சக்கணக்கான பிள்ளைகளிடம் போய்ச் சேர முடியாது. ஒவ்வொரு சனிக்கிழமையும் பஸ்ஸில் போய்வரும் எனக்கு இது நன்றாகவே தெரியும்.

அரசாங்கப் பணத்தில் அரசியல் கலந்திருக்கும் என்பவர்களுக்கு என்னிடம் மறுப்பு இல்லை. தமிழ்நாட்டில் நாம் கண்முன்னே பார்த்ததுதான். பி.எம்.ஸ்ரீ என்ற மத்திய அரசுப் பள்ளித் திட்டத்தின் ஒப்பந்தத்தில் மாநிலம் கையெழுத்துப் போடவில்லை என்று, பள்ளிக் கல்விக்கு மத்திய அரசு பணம் தரும் சமக்ர சிக்‌ஷா திட்டத்தின் 2024-25ஆம் வருட நிதி, 2,152 கோடி ரூபாய், தமிழ்நாட்டுக்கு வராமல் நின்றது. 2025 மே மாதம் மாநில அரசு உச்ச நீதிமன்றத்துக்கே போக வேண்டியிருந்தது. யார் பக்கம் நியாயம் என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. எனக்கு ஓர் எண்ணம் இருக்கிறது, அதை வேறொரு நாள் எழுதுகிறேன். ஒரே வாசலை நம்பி முழு வருடத்தையும் திட்டமிடக் கூடாது என்பதை மட்டும் அதிலிருந்து எடுத்துக்கொண்டேன். இப்போது எங்கள் குழுவுக்கு முன்னாள் மாணவர்கள் தரும் ஒரு சிறு நிதி தனியாக இருக்கிறது. பணம் வராத மூன்று மாதத்தைத் தள்ள அது போதும்.

பிள்ளைகளே நிதி திரட்டினால் அதுவும் ஒரு பாடம்தானே என்று சிலர் சொல்வார்கள். அப்பாவின் நண்பர்கள் தொழிலதிபர்களாக இருக்கும் பிள்ளைக்கு அது பாடம். எங்கள் பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோர் பெரும்பாலும் மில் வேலைக்கும் கட்டட வேலைக்கும் போகிறவர்கள். அந்தப் பிள்ளைகள் யாரிடம் போய்க் கேட்பார்கள்?

என்னை உண்மையிலேயே வாயடைக்க வைத்த கேள்வி வேறொன்று. லேப் வருவதற்கு முன்பே தலைமை ஆசிரியர் கேட்டார்: "மேடம், பொண்ணுங்க பாத்ரூமுக்கு முதல்ல தண்ணி வரட்டும். அப்புறம் ரோபோ செய்யலாமா?" மாடித் தொட்டியில் தண்ணீர் தீர்ந்ததே தெரியாமல் மோட்டார் போடாமல் விட்டுவிடுவார்கள். போட்டால் நிறுத்த மறந்து வழிந்தோடும். அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. இரண்டு வருடம் கழித்து ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் அதையே புராஜெக்ட்டாக எடுத்துக்கொண்டார்கள். தொட்டிக்குள் இரண்டு கம்பி இறக்கி, தண்ணீர் தொட்டால் ரிலே என்ற மின் சுவிட்ச் மூலம் மோட்டாரை நிறுத்தும்படி செய்தார்கள். மூன்று வாரம் வேலை செய்தது. பிறகு நின்றுவிட்டது. கம்பிகளை வெளியே எடுத்துப் பார்த்தால் ஒன்று பச்சை பூத்து அரித்துப்போயிருந்தது. டி.சி. கரண்ட் தண்ணீர் வழியே ஓடிக்கொண்டே இருந்தால் கம்பி கரையும். பாடத்தில் மின்னாற்பகுப்பு என்று படித்தது அங்கே தொட்டிக்குள்ளேயே நடந்திருந்தது. கம்பியைத் தூக்கிவிட்டு மிதவை சுவிட்ச் போட்டார்கள். அதற்கு ஆன 200 ரூபாயைப் பெற்றோர் ஆசிரியர் கழகம் தந்தது. அது இன்னும் ஓடுகிறது.

இதை வைத்து, தண்ணீருக்கு முன்னால் ரோபோ வரலாம் என்று நான் சொல்ல மாட்டேன். தண்ணீர்தான் முதலில். தண்ணீருக்கும் அரசாங்கத்திடம்தான் கேட்க வேண்டும். ஒன்றைக் கேட்டால் இன்னொன்றைக் கேட்கக் கூடாது என்ற பயம் ஏழைப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளில் மட்டும் ஏன் இருக்கிறது என்று யோசித்துப் பார்க்கிறேன். நீச்சல் குளம் இருக்கும் பள்ளியில் யாரும் நூலகம் வேண்டாம் என்று சொல்வதில்லை.

எங்கள் லேபின் ஐந்து வருடக் காலம் முடிந்துவிட்டது. இனி நடத்துச் செலவுக்கு அங்கிருந்து பணம் கிடையாது. சாமான்களில் பாதி நன்றாகவே இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின்படி பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிப்பது பள்ளி மேலாண்மைக் குழுவின் வேலை. அந்தக் குழுவின் அடுத்த கூட்டத்துக்கு ஒரு கோரிக்கை எழுதலாம் என்று போன சனிக்கிழமை பிள்ளைகளோடு உட்கார்ந்தோம். முதலில் ஒரு பையன் 'டிரோன்' என்று எழுதினான். இன்னொருவன் 'லேப்டாப் 10' என்றான். அப்போது பிஸ்கட் டின்னைத் தூக்கி வந்து மேஜைமேல் கொட்டியது, இப்போது பதினொன்றாம் வகுப்பு படிக்கும் அந்த எல்298என் பெண். துண்டுச் சீட்டுகளைப் பிரித்து ரகம் ரகமாக அடுக்கினாள். ஒரு வருடத்தில் எத்தனை மோட்டார் டிரைவர், எத்தனை சென்சார், எத்தனை மோட்டார் போயிருக்கிறது என்று எண்ணி, பக்கத்தில் விலை எழுதிக் கூட்டினாள். 14,600 ரூபாய் வந்தது. அதற்குக் கீழே, பொறுப்பாசிரியைக்கு வாரம் இரண்டு பாடவேளை குறைக்க வேண்டும் என்று தனி வரியாக எழுதினாள். "இதுக்குக் காசு எவ்வளவுன்னு போடுறது மிஸ்?" என்று கேட்டாள். தெரியவில்லை, தலைமை ஆசிரியரிடம் கேட்டுப் போடலாம் என்றேன். அந்த இடத்தை மட்டும் காலியாக விட்டுவிட்டு, தாளை மடித்து நோட்டுக்குள் வைத்துக்கொண்டாள். கூட்டம் வருகிற வெள்ளிக்கிழமை.